பூட்டுப் போட்ட பாட்டு

ஏப்ரல் முதல் தேதி அந்தச் சட்டம் அமலுக்கு வந்தது. அன்று காலையிலிருந்தே வாசல் மணி அடித்தால் என் மனைவி மரீத்தா திடுக்கிட ஆரம்பித்துவிட்டாள். இணையத்தில் பாட்டுகளைக் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்கிறவர்கள் யார் என்று இசைக் கம்பெனிகள் இனி நீதிமன்றம் மூலமாகக் கேட்கலாமாம். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அந்தப் பெயரைக் கொடுத்தே ஆக வேண்டுமாம். வானொலியில் செய்தி வாசித்த பெண்ணின் குரலில் ஒரு பதற்றமும் இல்லை. மரீத்தாதான் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"ஹோகன், நம்ம கட்டடத்து இணைப்பு என் பேர்ல இருக்கு."

எங்கள் கட்டடத்தில் பதினெட்டு வீடுகள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே இணைப்பு. தனித்தனியாக வாங்குவதைவிட மலிவு என்று குடியிருப்போர் சங்கம் எடுத்த முடிவு. அதை வாங்கிய சமயம் பார்த்து அப்போதைய தலைவர் வீட்டை விற்றுவிட்டு ஸ்பெயினில் வெயில் காயப் போய்விட்டார். செயலாளரான மரீத்தா கம்பெனிக்குப் போன் செய்தாள். அந்தப் பக்கத்தில் இருந்த பையன் அடையாள எண்ணைக் கேட்டான், இவள் தன்னுடையதைச் சொல்லிவிட்டாள். எங்கள் நாட்டு ஆட்கள் அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரனிடம் உடம்புக்கு என்ன என்று சொல்ல ஆயிரம் தடவை யோசிப்போம். ஆனால் முன்பின் தெரியாத ஒருவன் கேட்டால், செருப்புக் கடையாக இருந்தாலும், பிறந்த தேதியோடு அடையாள எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் ஒப்பித்துவிடுவோம். அப்புறம் சங்கத்தின் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றானாம் பையன். அந்த அப்புறம் வரவே இல்லை.

"நாளைக்கே மாத்திடு. அவ்வளவுதானே?"

"மாத்தினா இனிமே இறக்கறதுக்குத்தான் ஆகும். இதுவரைக்கும் இறக்கினது?"

எல்விரா மட்டும் இல்லாவிட்டால் நான் சிரித்துவிட்டு வேலைக்குப் போயிருப்பேன். எல்விரா நாங்கள் பெற்ற பெண் அல்ல. அவளுக்கு நான்கு வயதானபோது நகராட்சியின் குழந்தைகள் நலப் பிரிவு எங்களிடம் வளர்க்கக் கொடுத்தது. அதற்கு முன்னால் இரண்டு வீடுகளில் இருந்துவிட்டு வந்தவள். இப்போது ஏழு வயது. அவளை நிரந்தரமாக, சட்டப்படியே எங்கள் பொறுப்பில் விட்டுவிடலாமா என்று இந்த வசந்தத்தில்தான் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். உல்ரிக்கா என்ற அதிகாரி வந்து காபி குடிப்பார், குழந்தையின் அலமாரியைப் பார்ப்பார், நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டால் எப்படிப் போடுவீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். இந்த நேரத்தில் மரீத்தாவின் மேல் ஒரு வழக்கு வந்தால்?

"குத்தவாளிகிட்ட யாராவது குழந்தையைக் குடுப்பாங்களா ஹோகன்?"

"நீ எப்படிடி குத்தவாளி? நீ பாட்டே கேக்கறதில்லையே."

"நான் கேக்கலேன்னு யாருக்குத் தெரியும்? பதினெட்டு வீடும் கேக்கற பாட்டெல்லாம் நான் திருடினதாத்தான் ஆகும்."

அவளுக்கு வழக்கைக் கண்டு பயம். எனக்கு அவளைக் கண்டு பயம். சாப்பாடு குறைந்தது, தூக்கம் போனது, தெருவில் ஒரு வெள்ளை வேன் நின்றால் ஜன்னல் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். கட்டடத்தில் எல்லோரும் காசு கொடுத்துப் பாட்டு வாங்க ஆரம்பித்துவிட்டால் போயிற்று. பாட்டுக்கு ஒன்பது க்ரோனர் வாங்கும் இணையக் கடை ஒன்று இருந்தது. முதலில் நாமே வாங்கிப் பார்ப்போம், பிறகு மற்றவர்களுக்குச் சொல்வோம் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

எல்விராவுக்கு மிகவும் பிடித்தது முள்ளம்பன்றி ஒன்று சைக்கிள் ஓட்டிப் போகும் பாட்டு. அது ஏதோ பழைய குழந்தைகள் நிகழ்ச்சியில் வந்தது. கடையில் தேடினோம், இல்லவே இல்லை. சரியென்று மழையைப் பற்றிய வேறொரு பாட்டை வாங்கினோம். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு துல்லியமாக ஒரு பாட்டை அந்தக் கம்ப்யூட்டர் அதுவரை பாடியதில்லை. பாதியில் அறுந்து போகவில்லை, வைரஸ் வரவில்லை, மரீத்தாவின் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ரத்தம் ஓடியது. எல்விரா தன்னுடைய சின்னப் பாட்டுக் கருவியைக் கொண்டுவந்து நீட்டினாள். படுக்கையில் கேட்க வேண்டுமாம். ஏற்றினோம். திரையில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி வந்தது. இந்தப் பாட்டை இந்தக் கருவியில் பாட உரிமை இல்லை என்றது.

"நான் ஏதாவது தப்பாப் பண்ணிட்டேனா?" என்று கேட்டாள் எல்விரா.

"நீ ஒண்ணும் பண்ணலடா கண்ணு. பாட்டுக்குப் பூட்டுப் போட்டு வச்சிருக்காங்க" என்றேன்.

அவள் தூங்கின பிறகு நான் மரீத்தாவிடம் நியாயம் பேசினேன். காசையும் கொடுத்துவிட்டு, இதில் கேட்காதே அதில் கேட்காதே என்று எவனோ சொல்வதைக் கேட்க வேண்டுமா? கம்ப்யூட்டர் செத்தால் பாட்டும் சாகும். கடையை மூடினால் மொத்தமும் போகும். முள்ளம்பன்றியும் அங்கே இல்லை.

"எல்லாம் சரி. இதுல நல்லது ஒண்ணே ஒண்ணு இருக்கு, எனக்கு அது போதும்" என்றாள் மரீத்தா. "யாராவது கதவைத் தட்டினா நான் போய்த் திறக்கலாம்."



மே மாதத்தில் கட்டடத்தைச் சுத்தம் செய்யும் நாள் வந்தது. குளிர்காலம் முழுக்கப் பனியில் வழுக்காமல் இருக்கக் கொட்டிய சரளையைப் பெருக்கித் தள்ளி, புல்வெளியை வாரிவிட்டு, பிறகு எல்லோரும் அடுப்பைச் சுற்றி நின்று சாஸேஜ் சுட்டுச் சாப்பிடுவோம். வருடம் முழுவதும் படிக்கட்டில் தலையை மட்டும் ஆட்டிக்கொள்கிற நாங்கள் அன்று ஒருநாள்தான் வாயைத் திறந்து பேசுவோம். மரீத்தா அந்த நாளுக்காகவே காத்திருந்தாள். இரண்டாவது சாஸேஜுக்கு எல்லோரும் கை நீட்டும்போது விஷயத்தை எடுத்தாள்.

முதலில் சிரித்தவர் ரூனே. எங்களுக்கு மேல் மாடியில் தனியாக இருக்கும் கிழவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். எல்விராவுக்கு அவர் வீடு இன்னொரு வீடு மாதிரி.

"ஏம்மா மரீத்தா, ஒரே பாட்டை நான் இசைத்தட்டா வாங்கினேன், கேசட்டா வாங்கினேன், சிடியா வாங்கினேன். இப்பக் காத்துலயும் காசு குடுத்து வாங்கணுங்கறியா?"

"வாங்கறதுகூட இல்ல ரூனே, வாடகைதான்" என்றான் ராஸ்முஸ். முதல் மாடி, பொறியியல் படிக்கிறவன், கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எதிலும் கடைசி வார்த்தை தன்னுடையது என்று நினைப்பவன். "கம்ப்யூட்டரை மாத்தினா திரும்ப அவன்கிட்டப் போய் அனுமதி கேக்கணும். உங்க சொந்தச் சாஸேஜைக் கடிக்கறதுக்கு முன்னால கடைக்காரனுக்குப் போன் பண்ற மாதிரி."

சங்கத்தின் இப்போதைய தலைவி குன்னல் கடுகுச் சாந்து பாட்டிலை அவன் பக்கம் நீட்டி மிரட்டினாள். "பாடினவனுக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்குடா. என் தங்கச்சி பையன் டிரம்ஸ் வாசிக்கறான். சோத்துக்கு டாக்ஸி ஓட்டறான்."

"ஒன்பது க்ரோனர்ல உங்க தங்கச்சி பையனுக்கு என்ன போய்ச் சேரும்னு நினைக்கறீங்க? சில்லறை."

"நீ திருடினா அந்தச் சில்லறையும் இல்ல."

"நல்லாக் கேட்டே குன்னல்" என்றார் ரூனே. "ஆனா முள்ளம்பன்றிப் பாட்டு அந்தக் கடையில கிடைக்குதா? கிடைக்கல. ரூனே கடையில கிடைக்கும். இல்லியாடி எல்விரா?"

எல்விரா வாய் நிறைய ரொட்டியோடு தலையாட்டினாள். மரீத்தாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. எல்விராவின் கருவிக்குள் அந்தப் பாட்டு எப்படி வந்தது என்று அதுவரை நாங்கள் கேட்டதே இல்லை; ரூனேதான் இணையத்திலிருந்து இறக்கிக் கொடுத்திருக்கிறார்.

"சட்டம் வந்திருக்கு. கண்டுபிடிச்சிடுவாங்க" என்றாள் மரீத்தா.

"யாரை? இணைப்பு சங்கத்துப் பேர்ல இருக்கு" என்றான் ராஸ்முஸ். "பதினெட்டு வீட்டையும் தூக்கி ஜெயில்ல வைப்பாங்களா? வச்சா வைக்கட்டும், அங்கே சாப்பாடு நல்லா இருக்காம்."

எல்லோரும் சிரித்தார்கள். மரீத்தா என்னைப் பார்த்தாள். இணைப்பு இன்னும் மரீத்தாவின் பெயரில்தான் இருக்கிறது என்ற உண்மையை அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அக்கம்பக்கத்தாரிடமும் உல்ரிக்கா எங்களைப் பற்றி விசாரிப்பார் என்று எங்களுக்குத் தெரியும். மரீத்தாவுக்கு வழக்கு பயம் இருக்கிறது என்று ஒருவர் வாய் தவறிச் சொன்னால் போதுமே. நான் சாஸேஜைக் கடித்துக்கொண்டு சும்மா நின்றேன். குன்னல் கையைத் தட்டி முடிவு சொன்னாள். மூன்று பேர் கொண்ட குழு போடலாம், நல்லது கெட்டது இரண்டையும் ஆராயட்டும், இலையுதிர்காலக் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம். வீடு பற்றி எரிந்தாலும் நாங்கள் முதலில் குழுதான் போடுவோம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நிலவறையில் இருக்கும் பொதுச் சலவை அறையில் அன்று மதியம் எங்கள் முறை. மரீத்தா துணி எடுத்துக்கொண்டு போனாள், உலர்த்தி மடித்துக்கொண்டு வந்தாள். அன்று சாயங்காலத்திலிருந்து கட்டடத்தில் எந்த வீட்டிலும் இணையம் இல்லை.

"கம்பெனிக்குப் போன் பண்ணிட்டேன், பார்க்கறாங்களாம்" என்றாள் மரீத்தா. அன்று ஒழுங்காகச் சாப்பிட்டாள். எனக்கு அதுவே பெரிதாக இருந்தது. திங்கட்கிழமை சலவை அறைக் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: இணையத்தைக் கவனிக்க வேண்டியவர்கள் தூங்குகிறார்களா? பெயர் கிடையாது. எங்கள் கோபம் எப்போதும் பெயர் போடாத சீட்டில்தான் வரும்.

செவ்வாய்க்கிழமை நான் பஸ் ஓட்டி முடித்துச் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டேன். எல்விரா பள்ளியிலிருந்து வந்தவுடன் பையைப் போட்டுவிட்டு வழக்கம்போல மேலே ரூனே வீட்டுக்கு ஓடினாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். வாசலில் நின்றவளுக்கு மூச்சு வாங்கியது.

"ரூனே தரையில படுத்திருக்கார். பொத்தானை அழுத்திக்கிட்டே இருக்கார். அது பேச மாட்டேங்குது."

தனியாக இருக்கும் முதியவர்களுக்கு நகராட்சி கொடுக்கும் பொத்தான் அது. கழுத்தில் மாட்டியிருப்பார், அழுத்தினால் சுவரோரப் பெட்டியிலிருந்து ஒரு குரல் வரும், ஆளும் வரும். நான் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினேன். சமையலறைத் தரையில் கிடந்தார். ஒரு கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. காலையில் கஞ்சி வைக்க எழுந்தவராம். உதடு வறண்டு வெடித்திருந்தது.

"கிரேன்லருந்து விழாதவன் ஹோகன், கம்பளம் தடுக்கி விழுந்துட்டேன்" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "எத்தனை தரம் அழுத்தினேன். நான் செத்தப்புறம்தான் வருவாங்கன்னு நினைச்சேன்."

அவர் அழுதார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை. கைபேசியில் அவசர எண்ணை இரண்டு முறை தப்பாக அழுத்தினேன்.

ஆம்புலன்ஸில் வந்த பெண் அந்தப் பொத்தானைத் தானும் அழுத்திப் பார்த்தாள். "இது எந்த லைன்ல ஓடுது?"

"இணையத்துல" என்றார் ரூனே கண்ணை மூடியபடி. "போன இலையுதிர்காலத்துலதான் டெலிபோனையும் அதுக்கே மாத்தினேன். மலிவு."

"ஏன் வேலை செய்யலேன்னு விசாரிக்கச் சொல்லி நகராட்சிக்கு எழுதணும்" என்றாள் அவள்.

அவர்கள் போனதும் நான் நிலவறைக்கு இறங்கினேன். கம்பெனிக்காரனைத் திட்டுவதற்குமுன் பெட்டியை ஒருமுறை பார்த்துவிடலாம் என்றுதான் போனேன். சலவை அறைக்குப் பக்கத்தில் இணைப்புப் பெட்டி இருக்கும் சின்ன அறை. சாவி செயலாளரிடம் மட்டும் உண்டு. எங்கள் வீட்டு ஆணியில் தொங்கும். கதவைத் திறந்தேன். பெட்டியில் ஒரு விளக்கும் எரியவில்லை. மின்சார வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி, அழகாகச் சுருட்டி, துணி உலர்த்தும் கிளிப் ஒன்றைப் போட்டு வைத்திருந்தது. எங்கள் வீட்டில் இஸ்திரிப் பெட்டியின் வயர் அப்படித்தான் இருக்கும்.

வயரை மறுபடி செருகினேன். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. கிளிப்பை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன், திருடன் மாதிரி.

மரீத்தா வேலையிலிருந்து வந்ததும் கிளிப்பை மேஜைமேல் வைத்தேன். அவள் அதைப் பார்த்தபடி மெதுவாக உட்கார்ந்தாள்.

"வியாழக்கிழமை உல்ரிக்கா வந்துட்டுப் போற வரைக்கும்தான்னு நினைச்சேன். அதுவரைக்கும் யாரும் எதையும் இறக்காம இருந்தா போதும்னு நினைச்சேன். அவர் பொத்தான் அதுல ஓடுதுன்னு எனக்குத் தெரியாது ஹோகன். அவர் செத்திருந்தா?"

"சாகலை. இடுப்பெலும்பு. ஆபரேஷன் பண்ணிடுவாங்க."

"நான் போய்ச் சொல்லிடறேன்."

"யார்கிட்ட? பைத்தியமா உனக்கு?" நான் கத்தினேன். பயத்தில் எனக்குக் கோபம்தான் வரும். "கம்பெனிக் கோளாறுன்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டிருக்காங்க. நீ வாயைத் திறந்தே, எல்விராவைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. எல்லாம் அந்தப் பாழாப்போன முள்ளம்பன்றிப் பாட்டால வந்தது. அதால போலீஸ் வரணுமா, குழந்தை போகணுமா?"

மரீத்தா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எல்விராவின் அறைக்கதவு ஒருக்களித்திருந்ததை அப்போது நான் பார்த்தேன். உள்ளே சத்தமே இல்லை. விளையாடிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் ரூனேவுக்கு ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று குன்னல் சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது, நகராட்சியிலிருந்து ஆள் வந்து இணைப்புப் பெட்டியைச் சோதிக்கப் போகிறார்களாம் என்றாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கும் வாசல் மணி பயம் வந்துவிட்டது.

வியாழக்கிழமை மரீத்தா இலவங்கப்பட்டை பன் சுட்டு வைத்தாள். மணி அடித்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நடைக்கு வந்தோம். வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டோம்.

வாசல் பக்கத்து முக்காலியில் எல்விரா உட்கார்ந்திருந்தாள். ஜாக்கெட் போட்டு, கழுத்துவரை ஜிப் இழுத்திருந்தாள். காலில் ரப்பர் பூட்ஸ். முதுகில் பள்ளிப் பை, ஜிப் மூட முடியாமல் இரவு உடையின் கை ஒன்று வெளியே தொங்கியது. யாரும் சொல்லி அவள் அப்படி மூட்டை கட்டவில்லை. எப்படிக் கட்டுவது என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

நான் கதவைத் திறந்தேன். உல்ரிக்கா உள்ளே வந்தார், அவளைப் பார்த்தார், ஷூவைக் கழற்றக் குனிந்தவர் அப்படியே நிமிர்ந்தார்.

எல்விரா தன் பாட்டுக் கருவியை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள். "முள்ளம்பன்றிப் பாட்டு இதுலதான் இருக்கு. நான்தான் கேட்டேன். ரூனே தப்பு பண்ணல. மரீத்தாவும் பண்ணல. போலீஸ் மரீத்தாவைக் கூட்டிட்டுப் போக வேண்டாம். நான் வந்துடறேன்."

மரீத்தா ஓர் அடி முன்னால் வைத்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்; பேசாதே என்பதற்காகத்தான் பிடித்தேன், அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அவள் உதறிவிட்டுப் போய் முக்காலிக்கு முன்னால் மண்டியிட்டாள்.

"எல்விரா, இங்க பாரு. நீ ஒண்ணும் பண்ணல. நான்தான் பண்ணினேன்." பிறகு தலையைத் திருப்பாமலே உல்ரிக்காவிடம் சொன்னாள். இணைப்பு தன் பெயரில் இருப்பதை, வழக்குப் பயத்தை, வயரைப் பிடுங்கியதை, ரூனே காலையிலிருந்து தரையில் கிடந்ததை. ஒன்றையும் விடவில்லை. "இவ போயிடுவாளோன்னு பயம். அந்தப் பயத்துல ஒரு மனுஷனைக் கொல்லப் பார்த்துட்டேன்."

உல்ரிக்கா கோட்டோடு அப்படியே நடையின் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் இதை எழுதித்தான் ஆகணும் மரீத்தா. எல்லாத்தையும்."

"எழுதுங்க."

எல்விரா ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தாள். "இப்பவே கிளம்பணுமா?"

"இல்ல செல்லம். இன்னிக்கு நான் யாரையும் கூட்டிட்டுப் போக வரல" என்றார் உல்ரிக்கா.

"நாளைக்கு?"

"நாளைக்கும் இல்ல."

"அதுக்கப்புறம்?"

உல்ரிக்கா வாயைத் திறந்தார். பொய் சொல்லியிருக்கலாம், நான்கூட மனதுக்குள் அதற்காக வேண்டினேன். அவர் சொல்லவில்லை. மரீத்தா அழுதுகொண்டே எல்விராவின் முதுகிலிருந்து பையை இறக்கினாள், ஜாக்கெட்டைத் தளர்த்தினாள், ஒரு காலின் பூட்ஸைப் பிடித்து மெதுவாகக் கழற்றினாள். இன்னொரு காலுக்குக் கை போனதும் எல்விரா காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

பிறகு எங்களோடு சமையலறைக்கு வந்தாள். கதவுக்கு நேராக உட்கார்ந்து, ஒரு காலில் பூட்ஸோடு, பன்னைச் சிறிது சிறிதாகப் பிட்டுத் தின்றாள்.